'மெலன்கலி': இந்தத் துயரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நடைவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1514ஆம் ஆண்டில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஒரு படத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைச் சிற்றிதழ் ஒன்றுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். படத்தின் பெயர் 'மெலன்கோலியா'. பெயரை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கட்டுரைக்குள் 'மெலன்கலி' என்ற ஆங்கிலச் சொல் நாற்பது இடங்களுக்கு மேல் வருகிறது. முதல் வரைவில் எல்லா இடங்களிலும் 'சோகம்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது, படத்தில் இருக்கும் பெண் யாரையோ பறிகொடுத்துவிட்டு அழுது ஓய்ந்தவளைப்போல் ஆகியிருந்தாள்.

அவள் அப்படிப்பட்டவளாக எனக்குத் தெரியவில்லை. இறக்கைகள் உடைய, திடமான உடல்வாகு கொண்ட பெண் அவள். ஒரு கையில் கவராயம் இருக்கிறது. மற்றக் கையை முட்டியாக மடக்கிக் கன்னத்தில் ஊன்றியிருக்கிறாள். காலடியில் இரம்பம், இழைப்புளி, ஆணிகள் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு மெலிந்த நாய் சுருண்டு படுத்திருக்கிறது. சுவரில் மணற்கடிகாரமும் மணியும் தொங்குகின்றன; அவற்றுக்கு அருகே, எந்த வரிசையில் கூட்டினாலும் 34 வரும் பதினாறு கட்டச் சதுரம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் கடைசி வரிசையின் நடுவில் 15, 14 என்ற எண்களை வைத்துத் தம் படத்தின் ஆண்டையே டியூரர் எழுதியிருக்கிறார். பெண்ணின் முகம் நிழலில் கறுத்திருக்க, கண்கள் மட்டும் விழித்திருக்கின்றன. இத்தனை கருவிகள் சுற்றிலும் இருந்தும் எதையும் தொட மனமில்லாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்த நிலைக்குச் சோகம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

அகராதிகளில் துயரம், வருத்தம், ஏக்கம், மனச்சோர்வு என்று வரிசையாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதற்கு முன்பாக, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்துகொண்டு வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

பனையோலை எழுதியது:

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இச்சொல்லின் இரண்டு பாதிகளும் நம் வீடுகளிலேயே புழங்குகின்றன. தோலின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது வரும் 'மெலனின்' என்ற சொல்லில் முன்பாதி இருக்கிறது. கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கருமை. இரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் 'கொலஸ்ட்ரால்' என்ற சொல்லில் பின்பாதி இருக்கிறது. 'கோலே' என்றால் பித்தம். அந்தப் பொருள் முதலில் பித்தக்கற்களில் கண்டறியப்பட்டதால் அதற்கு அப்படிப் பெயரிட்டார்கள். ஆகவே 'மெலன்கோலியா' என்றால் கரும்பித்தம், அல்லது கரும்பித்தத்தால் உண்டாகும் நிலை. துயரம் என்ற பொருள் இச்சொல்லின் உறுப்புகளில் எங்கும் இல்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். ஒரு நிறமும் ஒரு நீர்மமும் மட்டுமே அதில் இருக்கின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. 'கோலே' என்ற சொல்லும், ஆங்கிலத்தில் மஞ்சளையும் பொன்னையும் குறிக்கும் 'எல்லோ', 'கோல்டு' ஆகியவையும், வடமொழியின் 'ஹிரண்யம்' என்பதும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர்களின் முடிவு. பித்தம் என்ற பெயரே அதன் மஞ்சள் நிறத்தால் வந்தது என்றால், கரும்பித்தம் என்பது பிறவியிலேயே தனக்குள் முரண்பட்ட ஒரு பெயர்.

கிரேக்க மருத்துவர்கள் மனித உடலில் குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் இருப்பதாகக் கருதினார்கள். ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் தொகுப்பில் உள்ள 'மனிதனின் இயல்பு' என்ற நூல் இதைத் தெளிவாக விளக்குகிறது. அவருடைய மருமகன் பாலிபஸ் எழுதியது என்று அதைச் சொல்வதுண்டு. கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, இலையுதிர் காலத்தில் மிகுவது என்பது அவர்கள் கணக்கு. அதே தொகுப்பில், அச்சமும் மனவருத்தமும் நெடுநாள் நீடித்தால் அது கரும்பித்த நிலை என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. துயரம் இச்சொல்லுக்குள் நுழைந்த வாசல் அந்தச் சூத்திரம்தான்.

இலத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் இச்சொல் இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது, மருத்துவப் பொருளோடுதான் வந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகளில்' ஒரு சேவல் கெட்ட கனவு கண்டு அலறுகிறது. அதன் பெட்டைக்கோழி, உடலில் நீர்மம் மிகுந்தால் அப்படித்தான் கனவு வரும், கரும்பித்தம் மிகுந்தவர்கள் கருங்கரடிகளையும் கருங்காளைகளையும் கரும்பேய்களையும் கண்டு உறக்கத்தில் கத்துவார்கள் என்று விளக்கி, பேதிமருந்து சாப்பிடச் சொல்கிறது. அக்காலத்துப் படிப்பாளிகள் உண்மையாகவே நம்பிய மருத்துவம் அது.

1621இல் ஆக்ஸ்ஃபோர்டில் இராபர்ட் பர்ட்டன் இந்த ஒரே நோயைப் பற்றி 'மெலன்கலியின் உடற்கூறு' என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். 1640இல் இறக்கும்வரை அதை விரித்துக்கொண்டே போனார். மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரையறை என்று அவர் தருவதன் சாரம் இது: காய்ச்சல் இல்லாத ஒருவகைப் பேதலிப்பு, அச்சமும் துயரமும் அதற்கு வழக்கமான துணைகள், வெளிப்படையான காரணம் எதுவும் இராது. கடைசிப் பகுதியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நம்முடைய சோகத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. மகன் இறந்தான், பயிர் கருகியது, வேலை போயிற்று என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் நாம் துயரப்படுகிறோம். மெலன்கலி அப்படிப்பட்டதன்று. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகம் தொடங்குவதே, தான் ஏன் இவ்வளவு துயரமாக இருக்கிறேன் என்று தனக்கே தெரியவில்லை என அன்டோனியோ சொல்வதில்தான். அங்கே அவர் பயன்படுத்தும் சொல் வேறு, நிலை இதுவே.

உங்கள் படத்துக்கு இன்னொரு முன்கதையும் வேண்டும். தத்துவத்திலும் அரசியலிலும் கவிதையிலும் கலைகளிலும் சிறந்து விளங்கியவர்கள் எல்லாரும் ஏன் கரும்பித்த இயல்பினராக இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் நூலில் வருகிறது. 1489இல் ஃபுளோரன்சில் மார்சிலியோ ஃபிசினோ அந்தக் கருத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அதுவரை நோயாளியின் இயல்பாக இருந்தது, அதன்பின் மேதையின் இயல்பாகவும் ஆயிற்று. டியூரரின் பெண் கையில் கவராயம் இருப்பதற்குப் பின்னால் இந்த இருபத்தைந்து ஆண்டுப் பேச்சு இருக்கிறது.

சொல்வேர் எழுதியது:

பனையோலை ஐயாவின் விளக்கம் சிறப்பு. ஆயினும் ஒரு கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தமிழில் 'மெலி' என்றால் இளைத்தல், வருந்துதல். 'கலி' என்பதற்குத் துன்பம், வறுமை என்ற பொருள்கள் உண்டு. 'மெலிகலி' என்று சேர்த்துப் பார்த்தால் உடல் இளைக்கச் செய்யும் துன்பம் என்று பொருள் தருகிறது. ஒலியும் பொருளும் ஒருசேர இவ்வளவு நெருக்கமாக அமைவது தற்செயலாக இருக்க முடியுமா? கிரேக்கர்களோடு பழந்தமிழருக்குக் கடல்வணிகம் இருந்ததை யாரும் மறுப்பதற்கில்லை.

பனையோலை எழுதியது:

நண்பர் சொல்வேர் அவர்களே, உங்கள் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். அதே பற்றினால்தான் இதை மறுக்கவும் வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லின் பிறப்பை இன்றைய ஒலியை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது நடந்து வந்த வழியைப் பார்க்க வேண்டும். நாம் இன்று கேட்கும் 'மெலன்கலி' என்ற ஒலி ஆங்கிலேயரின் நாவில் தேய்ந்து உருவானது. கிரேக்கத்தில் அது 'மெலன்கோலியா'. அதன் இரண்டு உறுப்புகளும் கிரேக்கத்திலேயே தனித்தனியாக உயிரோடு இருந்தவை. கருப்பான பிறவற்றுக்கு 'மெலாஸ்' என்பதையும், பித்தம் தொடர்பான பிறவற்றுக்குக் 'கோலே' என்பதையும் அவர்கள் அன்றாடம் பயன்படுத்தினார்கள். ஒரு கட்டடத்தின் செங்கல்கள் அங்கேயே சுட்டவை என்று தெரிந்தபின், அவை கப்பலில் வந்திருக்குமோ என்று ஐயுறத் தேவையில்லை. கடல்வணிகம் உண்மை. அரிசிக்கும் இஞ்சிக்குமான கிரேக்கப் பெயர்களுக்குத் தமிழ் மூலத்தைச் சொல்வோர் உண்டு. அதுவே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சரக்கோடு சரக்கின் பெயர் போவதற்கும், ஒரு மருத்துவக் கோட்பாட்டின் கலைச்சொல் போவதற்கும் வேறுபாடு உண்டு.

நீங்கள் செய்ததையே இடைக்காலப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்கம் அறியாத அவர்களுக்கு 'மெலன்' என்ற முன்பாதி விளங்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த, தீமை என்று பொருள்படும் 'மால்' என்ற சொல்லை அதில் கண்டு, 'மாலென்கோலி' என்று எழுதினார்கள். சாசரின் கைப்பிரதிகளிலும் அந்த வடிவம் உண்டு. புரியாத சொல்லுக்குள் தன் மொழியைத் தேடுவது மனிதர் எல்லாருக்கும் உள்ள இயல்பு.

நடைவண்டி தம்பிக்கு ஒரு துணையையும் காட்டுகிறேன். நீங்கள் தவிக்கும் இதே இடத்தில் கி.மு. 45இல் சிசரோ நின்றிருந்தார். இலத்தீனில் தத்துவம் எழுதிக்கொண்டிருந்த அவர், நாம் 'ஃபுரோர்', அதாவது வெறி, என்று சொல்வதைக் கிரேக்கர்கள் 'மெலன்கோலியா' என்கிறார்கள் என்று குறிப்பிட்டுவிட்டு, மனத்தைக் கலக்குவது கரும்பித்தம் ஒன்றுதான் என்பதுபோல அவர்கள் பேசுகிறார்களே, கடுஞ்சினமும் அச்சமும் வேதனையும் அதைச் செய்வதில்லையா என்று கேட்கிறார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவருடைய மகள் துல்லியா இறந்திருந்தாள். காரணமுள்ள துயரத்தில் இருந்த ஒரு தந்தை, துயரத்தை ஒரு நீர்மத்தின் பெயரால் அழைக்கும் சொல்லை ஏற்க மறுத்த இடமாகவே நான் அதை எப்போதும் படித்துவந்திருக்கிறேன்.

சொல்வேர் எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. 'மால்' பற்றிய செய்தி எனக்குப் புதியது. என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வளிமுதல் எழுதியது:

சித்த மருத்துவம் பயின்றவள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. பொருள் விளங்கட்டும் என்று 'கரும்பித்தம்' என எழுதிவிடலாம் என்ற எண்ணம் வரும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

நம் மரபில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றுதான். 'மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று' என்று குறள் சொல்கிறது. மிகுதியும் குறைவும் நோய் என்ற கருத்து கிரேக்கர்களுடையதைப் போன்றதே. ஆனால் நான்காவதாக ஒரு கரிய நீர்மம் நம்மிடம் இல்லை. குருதியைச் செந்நீர் என்று ஏழு உடற்கட்டுகளில் ஒன்றாகத்தான் எண்ணுகிறோம்.

அதைவிட முக்கியமானது, தமிழில் பித்தம் என்றாலே சூடு. அழல் என்ற பெயரே நெருப்பைச் சொல்கிறது. பித்தம் தலைக்கேறினால் மயக்கம் வரும், வாய் கசக்கும், மனிதர் நிலைகொள்ளாமல் தவிப்பார். அதிலிருந்து கிளைத்த 'பித்து' என்ற சொல்லும் கொதிப்பும் வேகமும் உடையது. ஒருவர்மீது பித்துக் கொண்டான் என்கிறோம். சுந்தரர் இறைவனையே 'பித்தா' என்று அழைத்துப் பாடத் தொடங்கினார். கிரேக்கர்களின் கரும்பித்தமோ குளிர்ச்சியும் வறட்சியும் உடையது என்று பனையோலை ஐயா எழுதியிருக்கிறார். அந்தக் குணங்களை நம் கணக்கில் தேடினால் அவை வளியின் பக்கம்தான் போய்ச் சேரும். ஆக, பித்தத்திலிருந்து அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு நிலையைப் பெற்றார்கள். நாம் ஓரிடத்தில் உட்கார முடியாத ஒரு நிலையைப் பெற்றோம். 'கரும்பித்தம்' என்று படித்ததும் தமிழ் வாசகருக்கு முதலில் தோன்றுவது இந்த இரண்டாவது நிலையாகவே இருக்கும்.

காயல்கரை எழுதியது:

வளிமுதல் அம்மா சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை. நான்கு நீர்மக் கணக்கு நம் ஊரில் இல்லாமல் இல்லை. யுனானி மருத்துவத்தில் இன்றும் இருக்கிறது. என் தகப்பனார் யுனானி ஹக்கீம். தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா என்று நான்கையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார். ஸவ்தா என்றால் கருமை, கரும்பித்தம் அதுதான். யுனானி என்ற பெயருக்கே கிரேக்க நாட்டைச் சேர்ந்தது என்றுதான் பொருள்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றவர்கள் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தபோது, இந்த நோயின் பெயரை மொழிபெயர்க்காமல் 'மாலீகூலியா' என்று ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொண்டார்கள்; நீர்மத்தின் பெயரை மட்டும் அரபியாக்கினார்கள். நடைவண்டிக்கு அந்த வழி உதவலாம். உருதுவில் 'ஸவ்தா' என்பது பின்னாளில் காதல் வெறியையும் குறிக்கத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டில் மிர்சா ரஃபி என்ற பெருங்கவிஞர் அதையே தம் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

காரணமில்லாத துயரம் என்று பனையோலை ஐயா அழுத்திச் சொல்வதில் மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இன்றைய துனிசியாவில் உள்ள கைரவானில் மருத்துவராக இருந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் இந்த நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கான்ஸ்டன்டைன் என்ற துறவி அதை இலத்தீனில் தந்தபின்தான் ஐரோப்பா இந்த நோயை விரிவாகக் கற்றது. அன்புப் பிள்ளைகளை இழந்தவர்களும், தங்கள் நூல்களைத் திடீரெனப் பறிகொடுத்த அறிஞர்களும் இந்த நிலைக்கு ஆளாவார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இவை காரணங்கள் இல்லையா?

பனையோலை எழுதியது:

காயல்கரை சொல்வது சரி. என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். தொடங்கிவைக்க ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் தொடங்கியபின் துயரம் அந்தக் காரணத்தின் கையை விட்டுவிட்டுத் தன் காலில் நிற்கத் தொடங்குகிறது. அந்த நிலைக்குத்தான் இச்சொல். 1917இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் ஃபிராய்டு துக்கத்தையும் மெலன்கோலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். துக்கத்தில் உலகம் வறுமையடைந்து வெறுமையாகிறது, மெலன்கோலியாவில் 'நான்' என்பதே அப்படி ஆகிவிடுகிறது என்றார். யாரை இழந்தோம் என்று தெரிந்திருந்தாலும், அவரோடு சேர்த்து எதை இழந்தோம் என்று தெரியாமல் இருப்பதும் இதன் அடையாளம் என்றார்.

இதை நடைவண்டிக்காகவும் சொல்கிறேன். டியூரரின் தாய் 1514 மே மாதத்தில் இறந்தார். அதையும் படத்தையும் இணைத்துப் பேசும் ஆசை எல்லாருக்கும் வரும். கட்டுரையாளர் இணைத்திருந்தால் அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அந்த இறப்பை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையேல் மீண்டும் 'சோகம்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆய்வகத்தான் எழுதியது:

இலக்கியம் எனக்கு அதிகம் தெரியாது. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். இந்த இழையைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

கரும்பித்தம் என்று ஒரு நீர்மம் உடலில் கிடையாது. மற்ற மூன்றையும் கண்ணால் காணலாம், இதை மட்டும் காண முடியாது. அப்படியானால் இல்லாத ஒன்றை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று எனக்கும் கேள்வி இருந்தது. எடுத்த இரத்தத்தை உறைவு தடுக்கும் மருந்து சேர்க்காமல் கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் வைத்தால் அது தானாகப் பிரியும். அடியில் கருமையான உறைகட்டி, அதன்மேல் சிவப்பு, அதற்கும் மேல் மெல்லிய வெள்ளைப் படலம், உச்சியில் தெளிந்த மஞ்சள் நீராகச் சீரம். ஈ.எஸ்.ஆர். பரிசோதனைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான சுவீடன் நாட்டு ஃபாரேயஸ், பழைய கிரேக்கர்கள் நான்கு நீர்மங்களைக் கண்டது இப்படித்தான் இருக்கும் என்று 1921இல் கருத்துத் தெரிவித்தார். அடியில் தங்கும் கருமைதான் கரும்பித்தம், வெள்ளைதான் கோழை, சீரம்தான் மஞ்சள் பித்தம் என்பது அவர் ஊகம். நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் அந்தக் குழாய்களைக் கையில் எடுக்கும் எனக்கு, அடியில் கனத்துத் தங்கிய அந்தக் கருமையைப் பார்த்துத்தான் ஒருவர் துயரத்துக்குப் பெயர் வைத்தார் என்று நம்பப் பிடித்திருக்கிறது.

செங்காந்தள் எழுதியது:

ஆய்வகத்தான் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். இனி என் பங்குக்குத் தமிழ்ப் பக்கம்.

முதலில் எனக்குத் தோன்றிய சொல் 'பசலை'. மனத்தின் நிலையை உடலின் நிறத்தால் சொல்வது என்ற அளவில் அது மெலன்கலிக்குத் தங்கை முறை. ஆனால் எழுதிப் பார்த்ததும் கைவிட்டேன். பசலை கருமையன்று, பொன்னிறம் பாய்ந்த வெளிறல். அதற்குக் காரணமும் மருந்தும் தலைவன் ஒருவனே. ஊரார் நீர் உண்ணும் கேணியின் பாசியைப் போன்றது பசலை, காதலர் தொடத் தொட விலகி, விட விடப் பரவுகிறது என்று குறுந்தொகையில் பரணர் பாடுகிறார். தொட்டால் விலகும் ஒன்றை டியூரரின் பெண்ணுக்குச் சூட்ட முடியாது. அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அடுத்து மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். 'இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே' என்கிறது தொல்காப்பியம். இகழப்படுதல், இழத்தல், நிலை தளர்தல், வறுமை என நான்கும் காரணங்கள். நம் இலக்கணம் துயரத்தைப் பிறக்கும் இடத்தால் வகுத்திருக்கிறது. காரணத்தின் கையை விட்டுவிட்ட துயரத்துக்கு அந்த நூற்பாவில் இடம் தேடினால், 'அசைவு' ஒன்றுதான் சற்றே அருகில் வருகிறது.

பெயர் இல்லையே தவிர, அந்த நிலையை நம் வீடுகள் நன்றாகவே அறியும். விளக்கு வைக்கும் நேரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்காராதே என்று என் பாட்டி கையைத் தட்டிவிடுவார். எதற்காக என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டார். குடும்பத்துக்கு ஆகாது என்பதோடு முடித்துக்கொள்வார். டியூரரின் பெண் உட்கார்ந்திருப்பது அதே அமர்வில்தான். முகம் கறுத்துப்போயிற்று என்றும் நாம்தான் சொல்கிறோம். இன்னொன்று: ஐரோப்பிய, அரபு சோதிடர்கள் கரும்பித்த இயல்பினரைச் சனிக்கோளுக்கு உரியவர்களாகக் கருதினார்கள். நம் நிகண்டுகள் சனிக்குத் தரும் பெயர்களில் 'காரி', 'மந்தன்' இரண்டும் உண்டு. கருமையும் மந்தமும் அங்கேயும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே தமிழ் வாசகருக்கு இந்தப் படம் அயலாகத் தோன்றாது.

என் பரிந்துரை 'வாட்டம்'. பயிரும் வாடும், முகமும் வாடும், மனமும் வாடும். வாடுதலில் வறட்சி இருக்கிறது. கிரேக்கர்கள் சொன்ன வறட்சி. மெல்ல நிகழ்வது, ஓசை இல்லாதது. 'ஏன் வாட்டமாக இருக்கிறாய்?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதே பொதுவாகக் கிடைக்கும் பதில்.

வளிமுதல் எழுதியது:

'வாட்டம்' எனக்கும் பிடித்திருக்கிறது. 'மனச்சோர்வு' என்ற சொல்லை மட்டும் இங்கே பயன்படுத்த வேண்டாம் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன். 'டிப்ரெஷன்' என்ற நோய்க்கு அது நிலைபெற்றுவிட்டது. ஆங்கிலத்திலேயே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மருத்துவர்கள் மெலன்கோலியாவை ஒதுக்கி அந்தப் பெயரை முன்னே கொண்டுவந்தார்கள். 1514ஆம் ஆண்டுப் படத்தின்மேல் அதை ஒட்டினால் அந்தப் பெண்ணை உடனே மருத்துவரிடம் அழைத்துப்போகத் தோன்றும். நோயாக இருக்கும்போது உதவி தேட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இந்தச் சொல் நோயைவிட அகலமானது.

பனையோலை எழுதியது:

அகலம் என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1819இல் கீட்ஸ் மெலன்கலியைப் பற்றி ஒரு பாடல் எழுதினார். அழியப்போகும் அழகோடுதான் அவள் குடியிருக்கிறாள், இன்பத்தின் கோயிலுக்குள்ளேயே அவளுக்கு ஒரு சன்னிதி இருக்கிறது என்பது அதன் கருத்து. அங்கே இச்சொல்லில் இனிமையும் கலந்துவிட்டது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் மாலை வெளிச்சத்துக்கும் ஒரு புல்லாங்குழல் இசைக்கும் இச்சொல்லைப் பயன்படுத்துவது அந்த இனிமையால்தான். 'வாட்டம்' என்பதில் அந்த இனிமை இல்லை என்பதே என் ஒரே தயக்கம். கட்டுரையில் அப்படிப்பட்ட இடங்கள் இருந்தால் 'இன்துயர்' என்று எழுதிப் பாருங்கள்.

நடைவண்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாற்பது இடங்களையும் நேற்று இரவு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நீர்மத்தைக் குறிக்கும் இடங்கள் ஒன்பது. அங்கே 'கரும்பித்தம்' என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் இது குளிர்ந்தது, நம் பித்தத்தைப் போலச் சூடானதன்று என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பழைய மருத்துவ நூல்கள் பேசும் நோயைக் குறிக்கும் இடங்களில், காயல்கரை காக்கா சொன்ன வழியில், 'மெலன்கோலியா' என்று ஒலிபெயர்த்துவிட்டேன். மற்ற இடங்களில் 'வாட்டம்'. பனையோலை ஐயா சொன்ன 'இன்துயர்' ஓரிடத்தில் பொருந்தியது. கட்டுரையின் இறுதிப் பகுதியில் வானவில்லைப் பற்றிப் பேசும் இடம் அது.

படத்தை விவரிக்கும் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

'அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் கறுத்திருக்கிறது. கண்கள் தூரத்தில் எதையோ பார்க்கின்றன; எதையும் தேடவில்லை. அளக்கத் தெரிந்தவள், அறுக்கத் தெரிந்தவள், கணக்குத் தெரிந்தவள். ஆயினும் கவராயம் மடியில் சும்மா கிடக்கிறது. இடுப்பிலிருந்து தொங்கும் சாவிக்கொத்தும் பணப்பையும் அவளுக்கு அதிகாரமும் செல்வமும் இருப்பதைச் சொல்கின்றன. அவளிடம் இல்லாதது எது என்று இந்தப் படத்தில் யாராலும் காட்ட முடியாது. இந்த வாட்டத்துக்கு அவளிடம் கேட்டால் காரணம் கிடைக்காது.'

சாவி அதிகாரத்தையும் பை செல்வத்தையும் குறிக்கும் என்பது டியூரரே தம் வரைவுத்தாள் ஒன்றில் எழுதி வைத்த குறிப்பு. பிழை இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

பத்தி நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடங்களை மட்டும் மாற்றுங்கள். கவராயம் சும்மா கிடக்கவில்லை. படத்தை நன்றாகப் பாருங்கள், அதை அவள் கையில் பிடித்திருக்கிறாள், பிடித்திருப்பதை மறந்திருக்கிறாள். அடுத்து, பணப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். வாயில் கயிறு கோத்து இழுத்துக் கட்டி இடுப்பிலிருந்து தொங்கவிட்டிருக்கும் அந்தப் பைக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. அது சுருக்குப்பை.